கீழ்க்கோடு

வெஸ்ட்ரே தீவில்
மரமென்று சொல்ல ஒன்றும் நிற்காது,
காற்று விடாது.
அங்கேதான் என் இடது கை மரத்துப்போனது,
நண்டுத் தொழிற்சாலையில்,
மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை.
கொடுக்கு என் விரலைக் கவ்வியிருக்கிறது.
எதிரே நின்ற ஹார்கஸ் கத்துகிறான்.
அவன் கத்தியதைக் கேட்டுத்தான்
என் விரலைப் பார்த்தேன்.

அடுத்த வாரம்
பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தேன்.
முதுகுத்தண்டில் மின்சாரம் இறங்கிக்
குதிகால் வழியே தரைக்குப் போயிற்று.
"எர்த் சரியாக இருக்கிறது" என்றேன் வீட்டுக்காரரிடம்.
அவர் எலக்ட்ரீஷியன்.
சிரிக்கவில்லை.

படகில் கிர்க்வால். விமானத்தில் அபர்டீன்.
ஸ்கேன் படத்தில் என் மூளை,
கறுப்புக் கடலில் ஏழு வெள்ளைத் திட்டு.
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று
டாக்டர் எழுதிக் காட்டினார்.
"நரம்புக்கு ஓர் உறை உண்டு.
உங்கள் உடம்பின் காவல்காரனே அதைக் கிழிக்கிறான்."
ஏன் என்று கேட்டேன்.
பதிலில் நான்கு 'ஒருவேளை' இருந்தன.
ஒருவேளை ரத்தவழி,
ஒருவேளை வெயில் போதாமை,
ஒருவேளை இளவயதில் வந்துபோன ஒரு காய்ச்சல்.
நான்காவது மறந்துவிட்டது.
மறதியும் இதில் உண்டு என்று
நர்ஸ் ஆறுதல் சொன்னாள்.

அவள் பெயர் உர்சுலா இஸ்பிஸ்டர்,
ஆராய்ச்சி நர்ஸ்,
கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
"இரண்டு வருடம், தினம் ஒரு மாத்திரை.
பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு மாவு.
யாருக்கு எது என்று
உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."
மாத்திரை வெளிர்மஞ்சள்.
நக்கிப் பார்த்தேன், இனிக்கவில்லை.
அதனால் மருந்துதான் என்று முடிவுகட்டினேன்.

நடைவழித் தரையில் நீல டேப்,
இங்கொன்று, இருபத்தைந்து அடி தள்ளி இன்னொன்று.
நடங்கள் ஐல்சா, என்பாள்.
ஆறு வினாடி.
அடுத்த முறை ஆறரை.
ஒன்பது குச்சி, ஒன்பது துளை, நடுங்கள் என்பாள்.
மணிக்கு அறுபது நண்டு பிரித்தவள் நான்.
ஒரு குச்சி உருண்டு
அலமாரிக்கடியில் போய்விட்டது.
இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினோம்.
இது கணக்கில் சேராது என்றாள்.
சேர்ந்தது.

ஏழு.
எட்டு புள்ளி இரண்டு.
ஜனவரியில் கடல் பொங்கிப் படகு நின்றது,
அந்த முறைக்கு எண்ணே இல்லை.
அப்புறம் தடியோடு பதினொன்று.
மாத்திரைக்கு நல்ல பேர் வாங்கித்தர ஆசைதான்.
கணக்குப் பரீட்சையில் காப்பியடித்துத் தேறியவள்.
நடையை யாரைப் பார்த்துக் காப்பியடிப்பது?

நவம்பரில் உறை வந்தது.
என் விரலுக்குக் காகிதம் பிடிபடாது,
உர்சுலாதான் கிழித்தாள்.

மாவு.

எழுநூற்று முப்பது நாள் மாவு.
சன்னலில் மழை குறுக்குவாட்டில் அடித்தது.
வந்த கோபம் நாக்கில் குழறியது.
"மாவு தின்னவா கடல் தாண்டி வந்தேன்?"

அவள் ஒரு தாளைத் திருப்பி வைத்தாள்.
மேலே ஒரு கோடு, மெல்லச் சாய்கிறது.
கீழே ஒரு கோடு, சரிகிறது.
நடுவில் என் சுண்டுவிரல் அகல வெள்ளை.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான். குணமில்லை, தாமதம்."
"நான் எங்கே?"
"கீழே. உங்களோடு நூற்றுப் பன்னிரண்டு பேர்."

தொழிற்சாலையில் பழைய தராசு ஒன்று உண்டு.
படிக்கல்லை யாரும் வேகவைப்பதில்லை.
விலைச்சீட்டிலும் அதற்குப் பெயர் கிடையாது.

இனி நிஜ மாத்திரை தருவார்களாம்.
அதுவும் வெளிர்மஞ்சள்.
நக்கிப் பார்த்தேன்.

நடைவழியில் உர்சுலா குனிந்து
நீல டேப்பை உரித்துக்கொண்டிருந்தாள்.
தரையின் விரிப்பும் சேர்ந்து எழும்பி வந்தது.
இருங்கள் என்று சொல்லித்
தடியை ஊன்றி
விரிப்பை மிதித்துக்கொண்டேன்.
கால் மரத்துத்தான் இருந்தது.
கனம் இருந்தது.